விளையாட்டுப் பாடல்களுக்குப் படப்புத்தகம் போடப் போகிறீர்களா? ஓவியரைத் தேடும் முன் இதைப் படியுங்கள்

ஓடுவது, குதிப்பது, பந்தடிப்பது, நீந்துவது பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்குப் படங்களோடு ஒரு பாட்டுப் புத்தகம் போடலாம் என்று தோன்றியபோது, ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பதினெட்டு மாதம் ஆனது. பாட்டு எழுத இவ்வளவு நாள் ஆகவில்லை. வரைந்து, வண்ணமும் தீட்டி முடித்த படங்களைத் திரும்ப வரைய வைத்ததில்தான் ஒரு வருடம் போனது. ஒரு தடவை பாட்டில் இரண்டு வரி மாற்றினேன், படம் பொருந்தவில்லை. இன்னொரு தடவை பக்க எண்ணிக்கை மாறியது, மூன்று படம் வீணானது. ஓட்டப்பந்தயப் படத்தில் எல்லாரும் எதிர்த் திசையில் ஓடியதை அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒரு பத்து வயதுப் பையன் கண்டுபிடித்தான்.

கீழே இருப்பது, எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்த வரிசை. இதில் பாதிக்கு மேல் ஓவியர் தூரிகையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது. அதைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதீர்கள்.

1. பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறீர்களா, நீங்களே போடப் போகிறீர்களா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் பணம் செலவழிக்கத் தொடங்காதீர்கள். பெரும்பாலான குழந்தைகள் பதிப்பகங்கள் எழுத்தை மட்டும்தான் கேட்கும். ஓவியரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், அவருக்கான பணத்தையும் அவர்களே கொடுப்பார்கள். நீங்கள் சொந்தப் பணத்தில் முப்பது படம் வரைய வைத்துக்கொண்டு போனால், பாட்டு பிடித்திருந்தாலும் படம் பிடிக்கவில்லை என்ற காரணத்தால் இரண்டும் சேர்ந்து திரும்பி வரலாம். நண்பரோ உறவினரோ வரைந்த படம் என்றால் தர்மசங்கடம் இன்னும் அதிகம்.

பதிப்பகம்தான் என்றால் உங்களுக்கு 2 முதல் 5 வரையிலான படிகள் போதும். அங்கே நிறுத்திவிட்டு எழுத்துப் பிரதியை அனுப்புங்கள். பதிலுக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரிடும். ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்பலாமா என்பதை ஒவ்வொரு பதிப்பகமும் தன் விதிமுறையில் சொல்லியிருக்கும், படித்துவிட்டு அனுப்புங்கள். உங்கள் புத்தகத்தைப் போடுவதற்கு உங்களிடமே பணம் கேட்கும் இடம் பதிப்பகம் அல்ல, அச்சுச் சேவை. அதில் தப்பில்லை. ஆனால் சேவைக்குப் பணம் கொடுப்பவர் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது.

நீங்களே போடப் போகிறீர்கள் என்றால் எல்லாப் படிகளும் உங்களுக்குத்தான்.

2. பாட்டைக் காதால் முடியுங்கள்

முதலில் நான் எழுதியது இந்த மாதிரி இருந்தது: "உற்சாகமாய் விளையாடி உடலை உறுதி செய்வோம் வா". இது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது. விளையாடும் பிள்ளை இப்படி நினைப்பதே இல்லை. அதன் மனசில் இருப்பது வேறு: பந்து எங்கே போச்சு, என்னை ஏன் கடைசியாகக் கூப்பிட்டார்கள், முட்டி எரியுது. அங்கிருந்து எழுதினால்தான் பாட்டு பாட்டாகும். கடைசியில் புத்தகத்தில் போனது இது:

உதைத்தேன் உதைத்தேன் ஒரே உதை
செருப்புப் பறந்தது வானத்திலே!
பந்து எங்கே போச்சு தெரியுமா?
பத்திரமாய் இருக்குது பக்கத்திலே!

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தாளம் உண்டு. கயிறு தாண்டும் பாட்டில் அடி சின்னதாக, வெட்டி வெட்டி விழ வேண்டும்:

கயிறு சுற்று கயிறு சுற்று
காலைத் தூக்கு காலைத் தூக்கு
ஒன்று ரெண்டு மூன்று நாலு
அடடா மாட்டிக் கொண்டது காலு!

நீச்சல் பாட்டுக்கு இதே தாளத்தைப் போட்டால் பிள்ளை மூச்சு முட்டிப் போகும். அங்கே நெடில் எழுத்துகள் வேண்டும்: "நீரின் மேலே நீள நீள"... சொல்லும்போதே கை நீள்கிறது பாருங்கள். ஓட்டத்துக்குத் தடதட, பந்துக்குத் தொப், நீருக்குச் சளப் என்று ஒலிச் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. பக்கத்துக்கு ஒன்று போதும். மூன்று போட்டால் எரிச்சல்.

எதுகையும் மோனையும் தானாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எதுகைக்காக ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல்லை இழுத்து வராதீர்கள். சந்தி சேர்த்து எழுதுவதிலும் கவனம் தேவை. "ஓடினானவன்" என்று சேர்த்து எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அங்கேயே நின்றுவிடும். "ஓடினான் அவன்" என்று பிரித்து எழுதினால் படித்துவிடும்.

இனி சோதனை. நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். எழுதியவர் படித்தால் எந்தப் பாட்டும் சந்தத்தோடுதான் கேட்கும், நொண்டும் இடத்தை நம் வாய் தானாகச் சரி செய்துவிடும். அதுவரை பாட்டைப் பார்த்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துப் பிள்ளைகள் முன் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, அவர் தடுமாறும் இடத்தில் எல்லாம் கோடு போடுங்கள். குறைந்தது மூன்று வாசகர்கள், மூன்று வேறு குழுப் பிள்ளைகள். எனக்கு இதற்கு ஐந்து வாரம் ஆனது, செலவு எதுவும் இல்லை. பத்தொன்பது பாட்டில் ஏழு இங்கேயே விழுந்தன.

ஒரு எச்சரிக்கை. தெரிந்த சினிமாப் பாட்டு மெட்டில் வரிகளை எழுதுவது எல்லாருக்கும் வரும் ஆசை. அச்சில் மெட்டு கேட்காது என்பது உண்மைதான். ஆனால் பிறகு ஒலிப்பதிவு செய்து புத்தகத்தோடு கொடுக்க நினைத்தால், அந்த மெட்டுக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே சொந்த மெட்டில் எழுதிவிடுவது நல்லது.

3. பக்கக் கணக்கு

அச்சகத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து, மடித்து, வெட்டுவார்கள். அதைத்தான் ஃபாரம் என்பார்கள். ஒரு ஃபாரம் எட்டுப் பக்கமாகவோ பதினாறாகவோ இருக்கும். ஆகவே உங்கள் புத்தகம் 24, 32, 40, 48 என்றுதான் போக வேண்டும். 35 பக்கம் என்று ஒன்று கிடையாது. எனக்கு இது தெரியாது. அப்படி ஒன்று கிடையாது என்று அச்சகத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதற்குள் படங்கள் வந்துவிட்டன.

படப்புத்தகத்துக்கு 32 பக்கம் வசதியான அளவு. அதில் 1, 2, 3 பக்கங்கள் தலைப்பு, உரிமைப் பக்கம், சமர்ப்பணம் ஆகியவற்றுக்குப் போய்விடும். 32-ஆம் பக்கம் பின்குறிப்புக்கு. நடுவில் 4 முதல் 31 வரை 28 பக்கம், அதாவது 14 இரட்டைப் பக்கங்கள். இரட்டைப் பக்கம் என்பது புத்தகத்தை விரித்துப் பிடித்தால் கண்ணில் படும் இடதும் வலதும் சேர்ந்தது. ஓவியர்கள் விலை சொல்வதும் வேலை செய்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

ஒரு பாட்டுக்கு ஓர் இரட்டைப் பக்கம் என்றால் பதினான்கு பாட்டு. நான் பன்னிரண்டு பாட்டு வைத்தேன். பத்துப் பாட்டுக்குத் தலா ஒன்று, பெரிய பாட்டு இரண்டுக்கும் தலா இரண்டு.

4. டம்மி செய்யுங்கள்

டம்மி என்பது அச்சுக்கு முன் கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம். எட்டு வெற்றுத் தாளை நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடித்தால் 32 பக்கம் வரும். பாட்டுகளை அச்செடுத்து, வெட்டி, ஒட்டுங்கள். படத்துக்குப் பதில் குச்சி மனிதர்களைக் கிறுக்குங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஒரு மணி நேர வேலை எனக்கு மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டம்மியில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் பக்கம் திருப்புவது. விளையாட்டுப் பாட்டுக்கு இது ஒரு வரப்பிரசாதம். மேலே சொன்ன உதைத்தேன் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை ஒரே இரட்டைப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான்காவது வரியைப் படிப்பதற்கு முன்பே பந்து பக்கத்திலேயே கிடப்பது படத்தில் தெரிந்துவிட்டது, யாரும் சிரிக்கவில்லை. பிறகு "பந்து எங்கே போச்சு தெரியுமா?" வரை வலது பக்கத்தின் ஓரத்தில் நிறுத்தி, கடைசி வரியைத் தாளுக்குப் பின்னால் வைத்தேன். அதே பாட்டு, அதே பிள்ளைகள், இந்த முறை விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பாட்டு இரண்டு இரட்டைப் பக்கம் எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது திசை. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். படத்தில் வலப்பக்கம் நோக்கி ஓடும் பிள்ளை முன்னேறுகிறது என்று கண் எடுத்துக்கொள்ளும். இடப்பக்கம் நோக்கி வருவது திரும்பி வருவது போலத் தோன்றும். தோற்றுப்போய் வீட்டுக்கு நடந்து வரும் பாட்டுக்கு இடப்பக்கம் நோக்கிய நடையை வைத்தேன். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, படம் சொல்வதைப் பாட்டு திருப்பிச் சொல்கிறதா என்று பார்ப்பது. "சிவப்புப் பந்து உருண்டதே" என்ற வரி இருந்தால் சிவப்பை வெட்டலாம், படத்தில்தான் இருக்கிறதே. அந்த இடத்தில் படம் சொல்ல முடியாததை வையுங்கள்: சத்தம், வலி, பந்து பட்ட கையின் சூடு.

5. விளையாட்டு விவரங்களைச் சரிபாருங்கள்

பெரியவர்கள் கவனிக்காத தப்பை விளையாடும் பிள்ளைகள் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். புத்தகத்தின் மேல் நம்பிக்கை அதோடு போயிற்று. ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கைந்து வரியில் ஒரு விவரத்தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது ஓவியருக்குக் கொடுக்கப் போகும் ஆவணம். என் தாளில் இருந்தவற்றில் சில:

வட்டத் தடத்தில் ஓட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் போகும். ஓடுபவரின் இடது கை உள்பக்கம் இருக்கும். கால்பந்தில் அணிக்குப் பதினொருவர், அதில் கோல்கீப்பரின் சட்டை வேறு நிறம். வாலிபாலில் அணிக்கு ஆறு பேர். இறகுப்பந்தில் பதினாறு இறகுகள், படத்தில் எண்ண மாட்டார்கள், ஆனால் ஐந்து மட்டும் வரைந்தால் வேறு ஏதோ பூ மாதிரி இருக்கும். சதுரங்கப் பலகையில் ஆட்டக்காரரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம். மல்லாந்து நீந்தும் போட்டி தண்ணீருக்குள் இருந்தே தொடங்கும், மேடையிலிருந்து குதிக்க மாட்டார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் சக்கரங்கள் சரிந்து, கீழே அகன்று நிற்கும். மருத்துவமனை நாற்காலியை வரைந்தால் ஆடுகிற பிள்ளைக்கு அது அவமானம்.

எதிர்த் திசையில் ஓடிய என் ஓட்டக்காரர்களுக்கு ஓவியர் பொறுப்பல்ல. பக்கத்தில் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று நான்தான் லேஅவுட்டில், அதாவது எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் அடுக்கும்போது, படத்தை இடம் வலமாகப் புரட்டச் சொன்னேன். புரட்டினால் ஓட்டம் திரும்பும், வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆவார், சட்டை எண்கள் கண்ணாடியில் பார்ப்பது போல ஆகும். விளையாட்டுப் படத்தை ஒருபோதும் புரட்டாதீர்கள்.

பாதுகாப்பும் இங்கேயே. சைக்கிள் பாட்டில் தலைக்கவசம் இல்லாத பிள்ளையை வரைந்தால், வாங்க வரும் ஆசிரியரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

சின்னங்கள் விஷயத்தில் பயந்தே நடந்துகொள்ளுங்கள். ஒலிம்பிக் வளையங்களைப் பாதுகாக்க 1981-இல் நைரோபியில் போட்ட ஒரு சர்வதேச உடன்படிக்கையே இருக்கிறது. ஐந்து வளையம்தானே என்று வரைந்துவிட முடியாது. உண்மையான அணிகளின் சின்னம், ஷூ நிறுவனங்களின் கோடுகள், பெரிய போட்டிகளின் கோப்பை எல்லாம் அப்படித்தான். புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரையும் முகத்தையும் அனுமதி இல்லாமல் அட்டையில் போடாதீர்கள். என் பாட்டு ஒன்றில் ஒரு வீரரின் பெயர்தான் எதுகையைத் தாங்கி நின்றது. அதை எடுத்ததும் பாட்டு முழுவதும் சரிந்தது. வேறு எழுதினேன்.

6. ஓவியரைத் தேர்ந்தெடுப்பது

அழகான முகம் வரைபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியவர் அசையும் உடம்பை வரைபவர். குதிக்கும்போது எடை எந்தக் காலில் இருக்கிறது, பந்தை எறியும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தவர். அவருடைய பழைய வேலைகளில் ஓடும், விழும், தாவும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். நின்றுகொண்டு சிரிக்கும் பிள்ளைகள் மட்டுமே இருந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

இருவரைத் தேர்ந்து, இருவரிடமும் ஒரே மாதிரிப் படத்தைக் கேளுங்கள். அதே பிள்ளை ஓட வேண்டும், விழ வேண்டும், எழ வேண்டும். மூன்றிலும் அதே பிள்ளையாகத் தெரிய வேண்டும். இதற்குக் கட்டாயம் பணம் கொடுங்கள். இலவசமாக மாதிரி கேட்பது அவர்கள் பிழைப்பில் கை வைப்பது, நல்லவர்கள் வரவும் மாட்டார்கள். நான் முதலில் இலவசமாகக் கேட்டேன். வந்தவரிடம் பிறகு பட்ட பாடு அந்தச் சிக்கனத்துக்குச் சரியாகப் போயிற்று.

தேதியையும் இப்போதே பேசுங்கள். நல்ல ஓவியருக்குக் கையில் வேறு வேலை இருக்கும், சில மாதம் காத்திருக்கச் சொல்வார். காத்திருங்கள்.

7. ஒப்பந்தம்: முதல் கோடு போடும் முன்

முதல் ஓவியரோடு "நமக்குள்ளே என்ன கடுதாசி" என்று தொடங்கிய வேலைதான் எனக்குப் பெரிய சிக்கலில் முடிந்தது. பிறகு மின்நூலும் போட நினைத்தேன். நான் அச்சுக்கு மட்டும்தான் படம் வாங்கியிருந்தேனாம். ஓவியர் சொன்னது நியாயம். படைப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் படைப்பு உருவான உடனே உரிமை படைத்தவருக்கு வந்துவிடும், பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை. பாட்டு உங்களுடையது, படம் அவருடையது. நீங்கள் பணம் கொடுத்ததால் மட்டும் படத்தின் உரிமை முழுவதும் உங்களுக்கு வந்துவிடுவதில்லை. எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

இரண்டு பக்கத் தாள் போதும், இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

எத்தனை இரட்டைப் பக்கம், எத்தனை சிறு படம், அட்டை முன்னும் பின்னும் சேர்த்தியா. பக்க அளவு. பென்சில் நிலையில் எத்தனை திருத்தம், வண்ண நிலையில் எத்தனை, அதற்கு மேல் போனால் எவ்வளவு கூடுதல். ஒவ்வொரு நிலைக்கும் தேதி. எந்தெந்த உபயோகம்: அச்சு, மின்நூல், வேற்று மொழிப் பதிப்பு, சுவரொட்டி, சட்டை, விளம்பரம். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டில். அட்டையில் அவர் பெயர் வருமா (வர வேண்டும், பாட்டுப் புத்தகத்தில் அவர் பாதி ஆசிரியர்). அசல் ஓவியம் யாரிடம் இருக்கும். எந்த வடிவில் கோப்பு கிடைக்கும். படம் முழுக்க அவர் கையால் வரைந்ததா, கணினி தானே உருவாக்கும் படங்களைப் பயன்படுத்தலாமா கூடாதா. பாதியில் நின்றால் யார் யாருக்கு என்ன கொடுப்பது.

கடைசி வரி கசப்பாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

இதோடு வேறு சில தாள்களும் சேரும். பிள்ளைகள் விளையாடுவதைப் புகைப்படம் எடுத்து ஓவியருக்கு மாதிரியாகக் கொடுத்தால் பெற்றோரின் எழுத்து அனுமதி. பாட்டுகளில் ஏதாவது முன்பே பத்திரிகையில் வந்திருந்தால், மறுபடி வெளியிடும் உரிமை உங்களிடம் இருக்கிறது என்ற கடிதம். எழுத்துருவுக்கு உரிமம், அதைப் பத்தாவது படியில் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

8. பணம் எங்கே போகும்

இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் தொகை மாறும் என்பதால் விகிதத்தைச் சொல்கிறேன். என் செலவில் பாதிக்கு மேல் படத்துக்குப் போனது. அடுத்தது அச்சு. மீதி லேஅவுட், சரிபார்ப்பு, மாதிரிப் பிரதி, அனுப்பும் செலவு.

ஓவியருக்கு மூன்று தவணையாகக் கொடுப்பது இரு பக்கமும் நல்லது: கையெழுத்திடும்போது ஒன்று, பென்சில் படங்களை ஒப்புக்கொண்டதும் ஒன்று, கோப்புகள் கைக்கு வந்ததும் ஒன்று. விற்பனையில் பங்கு தருகிறேன், இப்போது பணம் வேண்டாம் என்று கேட்காதீர்கள். முதல் புத்தகத்தில் பங்கு என்பது பெரும்பாலும் பூஜ்யத்தில் பங்கு.

புதியவர்கள் கணக்கில் விட்டுவிடுவது: திருத்தத்துக்கான கூடுதல் தொகை, வண்ணப் புரூஃப் (அச்சுக்கு முன் வண்ணம் பார்க்க எடுக்கும் சோதனைத் தாள்), எடை. கெட்டித்தாள் வண்ணப் புத்தகம் கனக்கும், அஞ்சலில் அனுப்பும்போதுதான் உறைக்கும். அப்புறம் இலவசப் பிரதிகள். விமர்சகர்கள், உதவியவர்கள், சோதனை வாசிப்புக்கு வந்த பிள்ளைகள் என்று எனக்கு நாற்பதுக்கு மேல் போனது. பல நாடுகளில் தேசிய நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. மொத்தக் கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

9. பென்சில் நிலையில் பிடிவாதமாக இருங்கள்

வரிசை இப்படி: சிறு கிறுக்கல்கள், பாத்திர அட்டவணை, பென்சில் படம், வண்ணம். பாத்திர அட்டவணை என்பது ஒவ்வொரு பிள்ளையின் முகம், உயரம், முடி, சட்டை நிறம், சட்டை எண் எல்லாம் ஒரே தாளில். அணி விளையாட்டில் இது இல்லாவிட்டால் ஏழாம் எண் சட்டைக்காரி அடுத்த பக்கத்தில் ஒன்பதாம் எண் ஆகிவிடுவாள். பந்தின் அளவையும் அதில் குறித்துவையுங்கள். என் புத்தகத்தில் பந்து பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்தது.

பென்சில் படங்கள் வந்ததும் அவற்றை டம்மியில் ஒட்டிப் பாருங்கள். முகமோ பந்தோ நடு மடிப்பில் விழுகிறதா? விழுந்தால் தைக்கும்போது பாதி உள்ளே போய்விடும். பாட்டுக்கு அமைதியான இடம் இருக்கிறதா? வானம், புல்தரை, சுவர், தண்ணீர் என்று ஏதாவது வெறுமையான பரப்பு வேண்டும். விளையாட்டுப் படத்தில் எல்லா இடத்திலும் கால் கை பறக்கும், எழுத்து நெரிபடும்.

எல்லாத் திருத்தமும் இங்கே. ஒரே கடிதத்தில், எண் போட்டு, ஒரே முறையாகச் சொல்லுங்கள். தினமும் ஒன்றாகச் சொன்னால் அவருக்கும் வெறுப்பு வரும், உங்களுக்கும் குழப்பம். வண்ணத்துக்குப் போன பிறகு பாட்டில் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே சத்தியம் செய்துகொள்ளுங்கள். பதினான்கு இரட்டைப் பக்கத்துக்கு எங்களுக்குப் பென்சில் ஆறு வாரம், வண்ணம் மூன்றரை மாதம் ஆனது. அது இரண்டாவது ஓவியரோடு, ஒப்பந்தம் போட்ட பிறகு.

10. கோப்பு, எழுத்துரு, லேஅவுட்

21 செ.மீ. சதுரப் புத்தகம் என்றால் இரட்டைப் பக்கம் 42க்கு 21. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க, சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வரைய வேண்டும். இதை ப்ளீட் என்பார்கள். ஆக 42.6க்கு 21.6. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஏறத்தாழ 5,030க்கு 2,550 பிக்சல். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் மங்கும்.

திரையில் வண்ணம் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சில் சி.எம்.ஒய்.கே. (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மை). திரையில் மின்னும் பச்சைப் புல்லும் ஆரஞ்சு ஜெர்சியும் அச்சில் சோர்ந்துபோகும். விளையாட்டுப் புத்தகத்தில் இந்த இரண்டு நிறமும்தான் அதிகம், என்ன செய்வது! ஒரு படம் முடிந்ததுமே அச்சகத்தில் கொடுத்து ஒரு சோதனைத் தாள் எடுத்துவிடுங்கள்.

எழுத்தைப் படத்துக்குள் வரைய விடாதீர்கள், தனி அடுக்காக இருக்கட்டும். பிழை திருத்தவும் பிற மொழியில் போடவும் அதுதான் வழி. எழுத்து வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த எழுத்து சற்று விலகினாலும் நிழலடிக்கும். எழுத்துரு யூனிகோடாக, வணிக உபயோகத்துக்கு உரிமம் உள்ளதாக இருக்க வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேலை செய்பவரிடம் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே நடந்து போகும். பி.டி.எஃப். ஆக்கிய பிறகும் ஒருமுறை முழுதும் படியுங்கள். எனக்கு "கொ" எல்லாம் சிதறியிருந்தது பி.டி.எஃப்.பில்தான் தெரிந்தது.

11. ஐ.எஸ்.பி.என்.

கடையிலோ நூலகத்திலோ வைக்க வேண்டும் என்றால் வாங்குங்கள், பள்ளி விழாவில் கொடுக்க மட்டும் என்றால் தேவையில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் பதின்மூன்று இலக்க எண் இது. சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் காசு. உங்கள் நாட்டு ஐ.எஸ்.பி.என். முகமை எதுவோ அதனிடம் நேராகக் கேளுங்கள், இடைத்தரகர் வேண்டாம். சாதா அட்டைக்கு ஒரு எண், கெட்டி அட்டைக்கு வேறு, மின்நூலுக்கு வேறு. பின்னட்டை வடிவமைக்கும் முன் எண் கையில் இருக்க வேண்டும். அட்டை முடிந்த பிறகு விண்ணப்பித்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

12. அச்சு

சில நூறு பிரதிகளுக்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சு. ஒரு பிரதிக்கு ஆகும் செலவு பெரிதாகக் குறையாது, ஆனால் கொஞ்சமாக அடிக்கலாம். ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து அச்சடிப்பதில், தொடக்கச் செலவு அதிகம், எண்ணிக்கை ஏற ஏறப் பிரதிக்கு விலை இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து மயங்கி, விற்க முடியாத அளவுக்கு அடித்துக் கட்டிலுக்கு அடியில் வைப்பதுதான் வழக்கமான பொறி. நானும் வைத்திருக்கிறேன்.

32 பக்கத்துக்கு நடுவில் பின் அடிப்பது மலிவு, புத்தகம் நன்றாக விரியும், படம் மடிப்பில் மறையாது. ஆனால் முதுகு இருக்காது, அலமாரியில் செருகினால் பெயர் தெரியாது. ஒட்டிக் கட்டும் பைண்டிங்கில் நடுப்பகுதி விழுங்கப்படும். தாள் பின்பக்க எழுத்து தெரியாத கனத்தில் இருக்கட்டும், பளபளப்பு இல்லாத மேட் தாள் விளக்கொளியில் கண்ணைக் கூசாது.

முழு எண்ணிக்கையும் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி தைத்துக் கேளுங்கள். அவசரம் என்று அச்சகம் சொல்லும், நாமும் சொல்வோம். ஒரு வாரம் போகட்டும். அந்தப் பிரதியை நீங்கள் பார்ப்பதற்கு முன் விளையாட்டில் பைத்தியமாக இருக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். என் பத்து வயதுப் பையன் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, "எல்லாரும் தப்பான பக்கம் ஓடுறாங்க" என்றான்.

பெட்டிகள் வந்ததும் மேல் கட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். மேலே, நடுவே, அடியில் என்று சில பிரதிகளை உருவி எடுங்கள். 32 பக்கமும் வரிசையாக இருக்கிறதா, ஏதாவது ஃபாரம் தலைகீழா, பின் சரியாக மடிப்பில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழுதான பிரதிகளை மாற்றித் தர எத்தனை நாள் அவகாசம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் மீதித் தொகையைக் கொடுங்கள்.